கையொப்பம் உண்டு, கூலி எங்கே?

டிஜிட்டல் விளம்பரத் துறை அண்மைக் காலமாக ஒரு வாக்குறுதியை விற்று வருகிறது. ஒருவர் தம் நண்பருக்கு ஒரு செயலியைப் பரிந்துரைத்தால் அதற்கான வெகுமதி ஒரு பைசாவும் குறையாமல் வந்து சேரும். யார் யாரை அழைத்து வந்தார் என்பதில் ஐயத்துக்கு இடமிராது. ஒவ்வொரு பரிந்துரைக்கும் மறையாக்கக் கையொப்பமிட்ட டோக்கன் ஒன்று வழங்கப்படும். அதை எவராலும் திருத்தவோ போலியாகச் செய்யவோ இயலாது. இதுவே அந்த வாக்குறுதி. போலியாகச் செய்ய இயலாது என்பது கணிதம் தரும் உறுதி. வெகுமதி வந்து சேரும் என்பது முதலாளியின் பேச்சு. கணிதத்தின் உறுதியை முதலாளியின் பேச்சுக்குப் பிணையாக நிறுத்தும் இந்தச் சூழ்ச்சியை உழைக்கும் மக்கள் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

டோக்கன் எதைச் சொல்கிறது?

பரிந்துரை இணைப்பு ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது அதன் வாலில் எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட தொடர் ஒன்று ஒட்டியிருப்பதைப் பலரும் கண்டிருப்பர். கையொப்ப முறையைக் கையாளும் நிறுவனங்களில் அத்தொடருக்குள் மூன்று செய்திகள் இருக்கும்: அனுப்பியவரின் அடையாள எண், விளம்பரத் திட்டத்தின் எண், காலாவதியாகும் நேரம். இவற்றோடு, தன்னிடமுள்ள இரகசியத் திறவுகோலைக் கொண்டு நிறுவனத்தின் கணினி கணக்கிட்ட கையொப்பமும் சேர்க்கப்படுகிறது. உள்ளடக்கத்தில் ஓர் எழுத்து மாறினாலும் கையொப்பம் பொருந்தாது. 2015-இல் பொதுத் தரமாக வெளியிடப்பட்ட ஜேசன் வெப் டோக்கன் என்னும் வடிவம் இத்தகைய பணிகளுக்குப் பரவலாகப் பயன்படுகிறது.

கையொப்பமிடும் முறைகள் இருவகைப்படும். ஒரே இரகசியத் திறவுகோலால் கையொப்பமிட்டு, அதே திறவுகோலால் சரிபார்ப்பது முதல் வகை. இதில் நிறுவனத்தைத் தவிர வேறெவரும் டோக்கன் மெய்யா பொய்யா என்று அறிய முடியாது. கணக்கெழுதுபவரும் அவரே, தணிக்கையாளரும் அவரே. இரகசியத் திறவுகோலால் கையொப்பமிட்டு, அதற்கு இணையான பொதுத் திறவுகோலை அனைவருக்கும் அறிவித்துவிடுவது இரண்டாம் வகை. இதில் எவரும் சரிபார்க்கலாம். ஆனால் சரிபார்த்தவர் காண்பது என்ன? இன்னார், இன்ன திட்டத்தில், இன்ன நேரம்வரை பரிந்துரைக்கத் தகுதியுடையவர் என்பது மட்டுமே. “இவருக்கு நாங்கள் இவ்வளவு ரூபாய் தரக் கடமைப்பட்டிருக்கிறோம், இன்ன தேதிக்குள் தருவோம்” என்ற வாசகம் அதில் இராது. அந்த வாசகம் இருக்க வேண்டிய இடம் வேறு. நிபந்தனைகள் என்ற பெயரில் பல பக்கங்களுக்கு நீளும் அந்த ஆவணத்துக்குக் கையொப்பமும் இல்லை, நிலைபேறும் இல்லை. எந்த நேரத்திலும் முன்னறிவிப்பின்றி மாற்றும் உரிமையை நிறுவனமே அதில் தனக்கு எழுதிக்கொள்கிறது.

கையொப்பம் யாரைக் கட்டுப்படுத்துகிறது என்பதே இங்கு எழும் கேள்வி. கடன் பத்திரத்தில் கடன் வாங்கியவர் கையொப்பமிடுகிறார். திருப்பித் தரும் கடமை அவரைப் பிணைக்கிறது. காசோலையில் பணம் தர வேண்டியவர் கையொப்பமிடுகிறார். பணமின்றித் திரும்பினால் சட்டம் அவர்மேல் பாய்கிறது. பரிந்துரை டோக்கனிலும் பணம் தர வேண்டிய நிறுவனமே கையொப்பமிடுகிறது. ஆனால் அக்கையொப்பம் அதனை எதற்கும் கட்டுப்படுத்துவதில்லை. பரிந்துரைப்பவர் ஏமாற்றாமல் பார்த்துக்கொள்வது ஒன்றே அதன் வேலை.

இது பரிசா, கூலியா?

பரிந்துரை வெகுமதியைப் பரிசு என்று அழைப்பதில் ஓர் அரசியல் இருக்கிறது. பரிசு என்றால் தருபவரின் தயவு. கேட்டுப் பெற முடியாது. உண்மையில் நடப்பது என்ன? தொலைக்காட்சியிலும் செய்தித்தாளிலும் விளம்பரம் செய்து ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க நிறுவனம் செலவிட வேண்டிய பணம் ஒன்று உண்டு. அந்த வேலையை, உறவும் நட்பும் உள்ள ஒரு மனிதர் தம் சொந்தக் கைபேசியில், சொந்த இணையச் செலவில், சொந்த நேரத்தில் செய்து முடிக்கிறார். பல ஆண்டுப் பழக்கத்தால் விளைந்த நம்பிக்கையை அவர் செலவிடுகிறார். இது வேலை. அதற்குத் தலைக்கு இவ்வளவு என்று தரப்படுவது துண்டு வீதக் கூலி.

1867-இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதல் தொகுதியில் துண்டு வீதக் கூலிக்கென்றே ஓர் அத்தியாயத்தை மார்க்ஸ் ஒதுக்கினார். மேற்பார்வையாளர் இல்லாமலே தொழிலாளி தன்னைத்தானே விரட்டிக்கொள்வதற்கும், முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே ஒட்டுண்ணி இடைத்தரகர்கள் நுழைவதற்கும், தொழிலாளியே தன் சக தொழிலாளியைச் சுரண்டும் கருவியாவதற்கும் இக்கூலி முறை வழி செய்கிறது என்று அவர் அங்கே விளக்கினார். பரிந்துரை முறையில் இம்மூன்றும் ஒருங்கே நிகழ்கின்றன.

உணவு விநியோகம், வாடகை ஊர்தி ஆகிய தொழில்களைப் பாருங்கள். புதிய ஒருவரைச் சேர்த்துவிடும் தொழிலாளிக்கு ஊக்கத்தொகை என்று செயலி அறிவிக்கிறது. சேர்ந்தவர் குறிப்பிட்ட நாள்களுக்குள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் வேலைகளை முடித்தால்தான் அது கிடைக்கும். ஆக, ஒருவர் செய்து முடித்த வேலைக்கான கூலி, மற்றொருவரின் முதுகு எவ்வளவு வளைகிறது என்பதைப் பொறுத்ததாகிறது. தெருவில் ஊர்திகள் பெருகப் பெருக, ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் வேலை குறைகிறது. வேலைக்காகக் காத்திருப்போர் பட்டாளம் நீள்கிறது. கூலி வீதத்தைக் குறைக்க நிறுவனத்துக்கு வழி பிறக்கிறது. தம் கூலியைக் குறைக்கும் கருவியைத் தொழிலாளர்களே தலைக்கு இவ்வளவு என்று பெற்றுக்கொண்டு உருவாக்கித் தருகிறார்கள்.

இந்த ஆள்சேர்ப்புப் பண்பாட்டுக்கு ஒன்றிய அரசே மேளம் கொட்டியது. பணமதிப்பு நீக்கத்தால் மக்கள் வங்கி வாசலில் வரிசையில் நின்ற 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 30 அன்று ‘பீம்’ செயலியைப் பிரதமர் மோடி தொடங்கிவைத்தார். 2017 ஏப்ரல் 14 அன்று, அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாளில், நாக்பூரில் அச்செயலிக்கான பரிந்துரை ஊக்கத்தொகைத் திட்டத்தை அவரே அறிவித்தார். ஒருவரைச் சேர்த்து, அவர் மூன்று பரிவர்த்தனைகள் செய்தால் சேர்த்தவருக்கு 10 ரூபாய். நாளொன்றுக்கு 20 பேரைச் சேர்த்தால் 200 ரூபாய் சம்பாதிக்கலாம் என்று இளைஞர்களுக்கு அவர் கணக்குச் சொன்னார். வணிகர்களுக்கான திட்டத்தையும் சேர்த்து ஆறு மாதங்களுக்கு 495 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. வேலை கேட்ட இளைஞர்களுக்கு ஆள்பிடிக்கும் தொழிலை வேலைவாய்ப்பு என்று காட்டிய அரசு அது. இருபது நாள்களில் நானூறு பேரைச் சேர்த்த பின், இருபத்தோராம் நாள் யாரைத் தேடிப் போவது என்ற கேள்விக்கு அந்தக் கணக்கில் விடை இல்லை.

துண்டுச் சீட்டு கண்ட வரலாறு

ஆள்பிடிக்கும் வேலைக்குத் தலைக்கூலியும், அதைக் காக்கக் கையொப்பமிட்ட சீட்டும் புதியவை என்று எண்ண வேண்டாம். அசாம் தேயிலைத் தோட்டங்களுக்கு ஜார்க்கண்ட், ஒடிசா மலைப்பகுதிகளிலிருந்து பழங்குடி மக்களைப் பிடித்துச் சென்ற ஆள்பிடிகளை ‘அர்க்காட்டி’ என்று மக்கள் சபித்தார்கள். கொண்டுவந்து ஒப்படைத்த ஒவ்வொரு தலைக்கும் அவர்களுக்குக் காசு. அத்தோட்டங்கள் பலவற்றில் அரசு நாணயத்துக்குப் பதிலாகத் தோட்ட நிர்வாகம் அடித்த உலோக டோக்கன்களே புழங்கின.

தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து இலங்கையின் மலையகத் தோட்டங்களுக்குச் சென்ற மக்களின் வரலாற்றில் இதனினும் நெருங்கிய உறவினன் இருக்கிறான். அவன் பெயரே ‘துண்டு’. கங்காணி தன் ஆள்களோடு ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போக வேண்டுமானால், தோட்டத் துரை கையொப்பமிட்ட ஒரு துண்டுச் சீட்டைப் பெற வேண்டும். இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆள்களை விடுவிப்பேன் என்பது அதன் சாரம். புதிய தோட்டம் அக்கடனைக் கட்டும். கட்டிய கடன் தொழிலாளியின் தலையில் மீண்டும் ஏறும். அந்தச் சீட்டில் துரையின் கையொப்பம் மெய்யானது. எழுதப்பட்ட தொகைக்கு இரு தோட்டங்களும் மதிப்பளித்தன. கங்காணியும் அதனால் பிழைத்தான். யாருடைய உழைப்பு அதில் எழுதப்பட்டிருந்ததோ அவர் மட்டும் அதில் ஒரு தரப்பே அல்லர். கையொப்பத்தின் நேர்மையில் குறையேயின்றி ஒரு கொத்தடிமை முறை பல பத்தாண்டுகள் இயங்கியது. 1921-இல்தான் சட்டம் அதனை ஒழித்தது. சீட்டைப் போலி செய்ய முடியாதபடி அச்சிட்டிருந்தால் தொழிலாளிக்கு விடிந்திருக்குமா?

பெருநிறுவனங்களுக்கு ஒரு நீதி

தொழில்நுட்பத்தின் இயல்பே இதுதான், யாரும் ஒன்றும் செய்வதற்கில்லை என்று சிலர் வாதிடக்கூடும். அவ்வாதத்தை அத்துறையின் நடைமுறையே தகர்க்கிறது. 2018-இல் ஆப்பிள் நிறுவனம் எஸ்கே ஆட் நெட்வொர்க் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஒரு விளம்பரத்தின் வழியாக ஒரு செயலி நிறுவப்பட்டால், அதற்கான அறிவிப்பு ஆப்பிளின் கையொப்பத்துடன் விளம்பர வலையமைப்பு நிறுவனத்துக்குப் போகிறது. ஆப்பிளின் பொதுத் திறவுகோலைக் கொண்டு அந்நிறுவனம் அதைத் தானே சரிபார்த்துக்கொள்கிறது. பின்னர் வந்த பதிப்புகளில், விளம்பரம் செய்த செயலி நிறுவனமும் அதன் நகலைப் பெற வழி செய்யப்பட்டது. இத்தனை பேரை நான் அழைத்து வந்தேன், இதோ சான்று என்று விளம்பர நிறுவனம் பணம் கேட்கலாம். பணம் தர வேண்டியவரின் கையிலும் அதே சான்று இருக்கிறது.

மூலதனமும் மூலதனமும் கைகுலுக்கும்போது இரு கைகளிலும் சான்று இருக்கிறது. மூலதனமும் உழைப்பும் சந்திக்கும்போது திறவுகோலும் கணக்குப் புத்தகமும் ஒரு கைக்கே போய்விடுகின்றன. பரிந்துரைத்தவரின் செயலியில் ‘பரிசீலனையில்’ என்று ஒரு சொல் தெரியும். சில நாள் கழித்து ‘தகுதியற்றது’ என்று மாறும். ஏன், யார் முடிவு செய்தார், எதைக் கண்டு முடிவு செய்தார் என்பதற்கெல்லாம் கையொப்பமிட்ட விடை கிடையாது. அதைத் தருவதற்குக் கணிதத்தில் எந்தத் தடையும் இல்லை.

போலிக் கணக்குகளைத் தொடங்கி, தம்மைத் தாமே பரிந்துரைத்துக்கொண்டு பணம் கறப்போர் இருக்கிறார்கள் என்று நிறுவனங்கள் சொல்வது உண்மைதான். அடையாள எண்ணை மாற்றி அடுத்தவர் வெகுமதியைத் திருடுவதைக் கையொப்ப முறை தடுக்கிறது. நேர்மையாக வேலை செய்தவருக்கும் அதனால் நன்மை உண்டு. நமது கேள்வி அதன் மறுபக்கத்தைப் பற்றியது. கீழிருந்து மேல்நோக்கி நடக்கும் ஏமாற்றைத் தடுக்க இவ்வளவு நுட்பமான கணிதம் வேண்டியிருந்தது. மேலிருந்து கீழ்நோக்கி நடக்கும் ஏமாற்றைத் தடுக்க ஒரு ரசீது கூடவா முடியாது?

டோக்கனே கூலியானால்

அடுத்த கட்டம் இதனினும் கொடியது. வேலையைப் பதியும் டோக்கனே வெகுமதியாகவும் மாறுகிறது. சொந்தமாக ஒரு கிரிப்டோ நாணயத்தை உருவாக்கி, ஆள் சேர்ப்போருக்கு அதையே கமிஷனாகத் தருகிறார்கள். இதன் முடிவு எப்படியிருக்கும் என்பதை இந்தியா பார்த்துவிட்டது. 2015-இல் தொடங்கிய கெயின்பிட்காயின் திட்டம் மாதம் 10 விழுக்காடு ஆதாயம் தருவதாகச் சொல்லி மக்களிடமிருந்து பிட்காயின்களைத் திரட்டியது. ஆளுக்கு ஆள் சேர்ப்பவருக்குக் கமிஷன் என்று அடுக்கடுக்காக வளர்ந்தது. புதியவர் வரத்து குறைந்ததும், தருவதாகச் சொன்ன பிட்காயினுக்குப் பதிலாக ‘எம்கேப்’ என்ற தன் சொந்த டோக்கனைக் கொடுத்தது. அதன் மதிப்போ மிகச் சொற்பம். 2017-இல் மட்டும் இவ்வாறு திரட்டப்பட்டவற்றின் மதிப்பு 6,600 கோடி ரூபாய் என்று அமலாக்கத்துறை கூறியது. பத்தாண்டு கடந்து 2025 பிப்ரவரியிலும் மத்தியப் புலனாய்வுத்துறை நாடெங்கும் சோதனை நடத்திக்கொண்டிருந்தது.

ஹிமாச்சலப் பிரதேசத்தில் 2018 முதல் கோர்வியோ காயின் முதலிய பெயர்களில் இதே நாடகம் அரங்கேறியது. 2023-இல் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கப்பட்டபோது, ஆள் சேர்த்தவர்களில் காவல்துறையினரும் இருந்தது தெரிய வந்தது. மோசடியைத் தடுக்க வேண்டியவர்களே அதில் ஆள் சேர்த்தார்கள் என்றால், பக்கத்து வீட்டுக்காரர் நம்பியதில் வியப்பென்ன? ஒவ்வொருவரும் பத்துப் பேரைச் சேர்க்க வேண்டும் என்றால், பத்தாவது அடுக்கில் 1,000 கோடிப் பேர் தேவை. உலக மக்கள்தொகையே அவ்வளவு இல்லை. கடைசி அடுக்கில் நிற்பவர் ஏமாறுவது இத்திட்டங்களின் கட்டமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கைமாறிய பிட்காயின் ஒவ்வொன்றின் பின்னும் கையொப்பம் பிழையின்றி இருந்தது. மோசடி அந்தக் கையொப்பங்களுக்கு வெளியே, வாக்குறுதிக்கும் சொத்துடைமைக்கும் இடையே நடந்தது. நிறுவனத்தை நம்ப வேண்டாம், நிரலை நம்புங்கள் என்று பிளாக்செயின் வணிகர்கள் சொல்லும் மருந்து இந்த நோய்க்கு ஆகாது. 1832-இல் ராபர்ட் ஓவன் லண்டனில் தொடங்கிய உழைப்புப் பரிமாற்றச் சந்தையில், செய்த வேலையின் நேரத்தைக் குறித்த சீட்டுகள் வழங்கப்பட்டன. அத்தகைய சீட்டு பொருள்பட வேண்டுமானால் உழைப்பு நேரடியாகவே சமூகத்தின் உழைப்பாக ஒழுங்கமைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதை மார்க்ஸ் சுட்டிக்காட்டினார். சீட்டை அச்சிடுவதால் உற்பத்தி உறவு மாறிவிடாது. மறையாக்கத்தால் அச்சிட்டாலும் மாறாது.

வரிச் சட்டம் கண்டது, தொழிலாளர் சட்டம் காணாதது

இந்த டோக்கன்கள் அரசின் கண்ணில் படவில்லை என்று சொல்ல முடியாது. 2022-ஆம் ஆண்டு நிதிச் சட்டம், மறையாக்க வழியில் உருவாக்கப்படும் குறிமுறை, எண், டோக்கன் ஆகியவற்றை மெய்நிகர் டிஜிட்டல் சொத்து என்று வரையறுத்தது. அதன் ஆதாயத்துக்கு 30 விழுக்காடு வரி. 2022 ஜூலை 1 முதல் கைமாற்றத் தொகையில் 1 விழுக்காடு பிடித்தம். அந்த ஆண்டு ஜூன் 30 அன்று வந்த அறிவிக்கை, விளம்பரத் திட்டங்களில் வழங்கப்படும் வெகுமதிப் புள்ளிகளை அவ்வரையறையிலிருந்து விலக்கியது. எது டோக்கன், எது புள்ளி, எது பரிசுச் சீட்டு என்று மயிர் பிளக்கும் நுட்பம் நிதியமைச்சகத்திடம் இருக்கிறது. அதே டோக்கனுக்குப் பின்னால் ஓர் உழைப்பாளி இருக்கிறார் என்பது மட்டும் தொழிலாளர் அமைச்சகத்துக்குத் தெரியவில்லை.

2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, மரபான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே வேலை செய்து வருவாய் ஈட்டுவோரைக் கிக் தொழிலாளர் என்கிறது. இவ்வரையறைக்குள் பரிந்துரைப் பணியாளர் வருவதற்கு எந்தத் தடையும் இல்லை. அவர்களின் நலனுக்காகச் செயலி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு செலுத்த வேண்டும். ஆனால் அத்தொகை, அத்தொழிலாளர்களுக்குத் தரப்படும் தொகையில் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று உச்சவரம்பும் வைக்கப்பட்டிருக்கிறது. பரிந்துரைக் கூலியைப் பரிசு என்று கணக்கெழுதினால் அந்த உச்சவரம்பும் இறங்கும். பெயர் மாற்றத்தில் இவ்வளவு ஆதாயம் ஒளிந்திருக்கிறது.

நாம் எழுப்ப வேண்டிய கோரிக்கைகள்

முதலாவது, தொழில்முறையில் பரிந்துரை வேலை செய்வோர் அனைவரையும் கிக் தொழிலாளராகப் பதிவுசெய்து, அவர்களுக்குத் தரப்படும் தொகையைக் கூலியாகக் கணக்கில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, கையொப்பத்தின் திசையை மாற்ற வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ஆம் ஆண்டிலேயே டிஜிட்டல் கையொப்பத்துக்குக் கைக்கையொப்பத்தின் தகுதியைத் தந்துவிட்டது. அதற்குச் சான்றளிக்க உரிமம் பெற்ற அமைப்புகளும் உள்ளன. அந்தச் சான்றின் கீழ், கூலி வீதம், நிபந்தனை, பணம் தர வேண்டிய தேதி ஆகியவற்றைத் தொழிலாளியின் மொழியிலேயே எழுதி, நிறுவனம் கையொப்பமிட்ட ரசீதை வேலை தொடங்கும்போதே தர வேண்டும். அந்த ரசீது தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும்; பின்னர் விதியை மாற்றினாலும் பழைய ரசீது செல்ல வேண்டும்.

மூன்றாவது, பரிந்துரையை நிராகரிக்கும் நிறுவனம் அதற்கான காரணத்தை எழுத்தில், கையொப்பமிட்டு, கால வரம்புக்குள் தர வேண்டும். மேல்முறையீடு நிறுவனத்தின் உதவி மையத்திடம் அன்றித் தொழிலாளர் துறை அலுவலரிடம் போக வேண்டும்.

நான்காவது, கூலி ரூபாயாகவே தரப்பட வேண்டும். நடப்பு நாணயத்தில்தான் கூலி வழங்க வேண்டும் என்று 1936-ஆம் ஆண்டின் கூலி வழங்கல் சட்டமே விதித்தது. தோட்ட டோக்கனுக்கு எதிராகத் தொழிலாளி வர்க்கம் பெற்ற அந்த உரிமை, செயலி டோக்கனுக்கு முன்னால் செல்லாக்காசாகிவிடக் கூடாது.

ஐந்தாவது, அடுக்கடுக்காக ஆள் சேர்த்துப் பணம் சுழற்றும் திட்டங்களைத் தடைசெய்ய 1978-ஆம் ஆண்டுச் சட்டமும், 2021-ஆம் ஆண்டு நேரடி விற்பனை விதிகளும் கையில் இருக்கின்றன. எல்லாம் முடிந்த பிறகு சோதனை நடத்தும் வழக்கத்தை விட்டு, தொடக்கத்திலேயே முடக்கி, கடைசி அடுக்கில் நிற்கும் ஏழைகளுக்கு முதலில் பணத்தை மீட்டுத் தர வேண்டும்.

இவற்றில் எதுவும் அரசின் கருணையால் வந்துவிடாது. துண்டு முறை ஒழிந்த பிறகும் கங்காணியின் பிடி தளர, தோட்டத் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டு நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. இன்று ஒருவரையொருவர் பார்த்தறியாத பல்லாயிரம் பேர் ஒரே நிறுவனத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கென்று தொழிற்கூடமும் இல்லை, ஆலை வாசலும் இல்லை. ஆனால் அவர்கள் ஒவ்வொருவர் கைபேசியிலும் ‘தகுதியற்றது’ என்ற அதே சொல் இருக்கிறது. அந்தச் சொல்லைத் திரட்டி, எத்தனை பேருக்கு எவ்வளவு மறுக்கப்பட்டது என்று பட்டியலிட்டு, தொழிலாளர் துறையின் வாசலில் கூட்டாகக் கொண்டுபோய் வைக்கும் வேலையைத் தொழிற்சங்கங்கள் இன்றே தொடங்க வேண்டும்.